என் கணையத்தில் ஒரு சாதுக் கட்டி

பொணமாகப் படுப்பது என் தொழில். சீரியலில் யாராவது செத்துப்போனால் மாலையைப் போட்டு, மூக்கில் பஞ்சை வைத்து, தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி நடுக்கூடத்தில் கிடத்துவார்களே, அது பெரும்பாலும் நான்தான். கடலில் மூழ்கியிருக்கிறேன், லாரியில் அடிபட்டிருக்கிறேன், சொத்துக்காக விஷம் வைக்கப்பட்டிருக்கிறேன். சொத்து என்று எனக்கு இருந்தது அந்தச் சீரியல்களில் மட்டும்தான். படிப்பு ஏறவில்லை. ஆறாம் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த என்னை வாத்தியார் எழுப்பி வெளியே போகச் சொன்னார். போனவன் போனவன்தான். படுத்துக் கிடப்பதற்குக் கூலி கொடுக்கிற இடம் கோடம்பாக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். என் பெயர் ஏழுமலை என்பது யூனிட்டில் யாருக்கும் தெரியாது. டெட்பாடி அண்ணன் என்றால் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொணமாகப் படுத்தவன் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் கேமராவை ஓடவிட்டு எடுப்பார்கள். செத்தது நடிப்பு, இருப்பது நிஜம் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. அந்தச் சிரிப்பு எந்தச் சீரியலிலும் வராது. ஆனால் அதை எடுக்காமல் யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள்.

என் மனைவி மல்லிகா பட்டினப்பாக்கம் பக்கம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறாள். நான் வேலைக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு கிடைத்தது என்று அவள் கேட்டதே இல்லை. "சிரிச்சியா?" என்றுதான் கேட்பாள். சிரித்தேன் என்று சொன்ன பிறகுதான் தட்டு வரும்.

வலி வந்ததும் நான் பொணமாக இருந்தபோதுதான். மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் போய் முட்டியது. தலைமாட்டில் ஒரு அம்மா என் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் முழங்காலை மடக்கிவிட்டேன்.

"பொணம் அசையுது. யாருய்யா அது பொணம்?" என்று டைரக்டர் மைக்கில் கத்தினார்.

அத்தனை வருடத்தில் அசைந்ததற்காகத் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான். கேஸ் என்று சொல்லி சோடா குடித்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். பூண்டைச் சுட்டுத் தின்றேன். வலி போவதும் வருவதுமாக இருந்தது. சட்டை தொளதொளவென்று ஆனதும் மல்லிகா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். அந்த ஸ்கேனில் இரைப்பைக்குப் பின்னால் எதுவோ தெரிகிறது என்று சொல்லி, சிடி ஸ்கேன் என்ற பெரிய ஸ்கேனுக்கு எழுதினார்.

தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். வெளியே துணிக்கடைக் கூட்டம் பையும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். என்னை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளினார்கள். கையில் ஊசி வழியாக மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடாகி, ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். போகவில்லை, பயப்படாதீர்கள். மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் பேசும், அப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பிடித்தேன். விடச் சொல்லி இன்னொரு தடவை பேசும் என்பதையும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டிருக்க மாட்டேன். மூச்சைப் பிடிப்பது என் பிழைப்பு, சும்மா விடுவேனா. கொஞ்ச நேரத்தில் அந்த ஸ்கேன் எடுக்கிற பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"சார், சார், மூச்சு விடுங்க."

"கட் சொல்லலயேம்மா."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வாசலில் இருந்த மல்லிகா, "இந்தாளு வீட்லயும் இப்படித்தாம்மா, கண்டுக்காத" என்றாள். அதுதான் நாங்கள் கடைசியாக நன்றாகச் சிரித்த நாள்.

தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி, பொறுமையாகச் சொன்னார்.

"இது கணையம். இரைப்பைக்குப் பின்னாடி மாவிலை மாதிரி நீளமாப் படுத்திருக்கும். சாப்பாடு செரிக்கிறதுக்கான நீர், சர்க்கரையைக் கட்டுப்படுத்துற இன்சுலின், ரெண்டும் இங்கதான் ஊறுது."

"படுத்தே இருக்குமா? அப்போ நம்ம ஆளுதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனா நுனியால் படத்தில் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இதோட வால்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கு. ஓரம் சுத்தமா, உறை போட்ட மாதிரி இருக்கு. அது நல்ல விஷயம். ஆனா உள்ள பாதி நீர், பாதி சதை. நீர்க்கட்டியா இருக்கலாம், ஹார்மோன் சுரக்கிற கட்டியா இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். படத்தை மட்டும் வெச்சு சொல்ல முடியாது."

எங்கள் பக்கம் கேன்சர் என்ற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார்கள். "அவர அடையாறுக்கு எழுதிக் குட்த்துட்டாங்களாம்" என்பார்கள். கேன்சர் ஆஸ்பத்திரி இருப்பது அங்கேதான். கேட்கிறவர் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். வீட்டுக்குப் போகிற வழியில் மல்லிகா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அடையாறு போகிற பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அதன் போர்டைப் படித்தோம். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். அதை மட்டும் சட்டென்று படித்துவிட்டேன்.

அடுத்தது ஊசி. வாய் வழியாக ஒரு குழாயை விடுகிறார்கள். அதன் நுனியில் ஒரு குட்டி ஸ்கேன், அதை ஒட்டி ஒரு ஊசி. இரைப்பைச் சுவர் வழியாகவே கட்டியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். மயக்கம் கொடுப்பதால் தெரியாது, தொண்டை மட்டும் இரண்டு நாள் கரகரக்கும். அதற்காக வார்டில் சேர்ந்தபோதுதான் பக்கத்துப் படுக்கையில் கரீம் பாயைப் பார்த்தேன்.

அவர் நோயாளி மாதிரியே இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து ஆஸ்பத்திரி மெத்தையை அங்கங்கே குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"இத்தப் போயி மெத்தைன்னு சொல்லிக்கினு கீறாங்க நைனா. பஞ்சு செத்துப் பூட்ச்சு."

"அப்ப எனுக்குத் தோதான எடந்தான் பாய். நான் பொணம்."

"இன்னாது?"

தொழிலைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு ராயப்பேட்டையில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிற கடை. வீட்டில் உருது, கடையில் தமிழ், ஆஸ்பத்திரியில் இரண்டும் கலந்து. அவர் மனைவி ஷமீம் அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து, வாயோரமாக எதையாவது ஓதிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அவர் ஓதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கணவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்.

பாய்க்கும் கணையத்தில்தான் கட்டி. எனக்கு வாலில், அவருக்குத் தலையில். தலையில் இருந்தால் பித்தநீர் வருகிற குழாயை அது அழுத்திவிடும், அதனால் காமாலை வரும், உடம்பெல்லாம் அரிக்கும். குழாய்க்குள் சின்னதாக இன்னொரு குழாயை வைத்து அவருக்கு மஞ்சளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊசி போட்ட அதே நாளில் அவருக்கும் போட்டார்கள். முடிவு வருகிற வரைக்கும் நாங்கள் பேசியதெல்லாம் கட்டியைப் பற்றித்தான்.

"பஞ்சுல கட்டி தட்டுச்சின்னா அது கொட்டையா, ஈரம் பட்டு இறுகிப் போனதான்னு மேலால தடவிப் பாத்து சொல்ல முடியாது நைனா. ஒறையப் பிரிக்கணும்."

"நம்ம ஒறையும் பிரிக்கணும்ன்றாங்க பாய்."

"பிரிச்சா நான் திரும்பித் தைப்பேன். இவுங்க தைப்பாங்களா?"

முடிவு வந்தது. என் ஊசியில் கொஞ்சம் ரத்தமும் நாலைந்து செல்லும்தான் கிடைத்ததாம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். திறந்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். பாயுடையதில் சந்தேகமே இல்லை. கேன்சர். ஆனால் பக்கத்து ரத்தக் குழாய்களுக்குப் பரவவில்லை, மஞ்சள் இறங்கியதும் ஆபரேஷன் செய்துவிடலாம், இப்போது விட்டால் பிறகு முடியாமல் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

பாய் முடியாது என்றுவிட்டார்.

அவருடைய அண்ணன் ஒருவர் இதே மாதிரி ஸ்ட்ரெச்சரில் கையை ஆட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனாராம். திரும்பி வந்தபோது கை ஆடவில்லை. "இருக்குற வரைக்கும் கடையில ஒக்காந்து பஞ்சு அடைக்கிறேன், உட்ருங்க" என்றார். டாக்டரம்மா இரண்டு தரம் பேசிப் பார்த்தார். பிள்ளைகள் போனில் அழுதார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஷமீம் அக்கா பின்னாலேயே வந்தார்.

"தம்பி, எங்க பேச்சு எடுபடல. ஒங்ககிட்டதான் சிரிக்கிறாரு. நீங்க சொல்லுங்க."

"நான் இன்னாக்கா சொல்றது, எனுக்கே காலு நடுங்குது."

"அதான். நடுங்குறவங்க சொன்னாதான் கேப்பாரு."

அன்று சாயங்காலம் பேச்சை எடுத்தேன். பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "நீ முதல்ல போ நைனா" என்றார். "ஒறையப் பிரிக்கட்டும். நீ எழுந்து வா. உன்னுதும் என்னுதும் ஒரே கட்டின்னு வெச்சுக்க, அதோட நீ எழுந்து நடந்துட்டின்னா, அப்பால நான் யோசிக்கிறேன்."

எனக்கு ஆபரேஷன் ஆனது. கட்டியோடு கணையத்தின் வாலையும், அதை ஒட்டிக்கொண்டிருந்த மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் கார்டு தாங்காத பாக்கியை மல்லிகாவின் அண்ணன் கட்டினார். நான் குடிக்கிற காலத்தில் என்னோடு பேசாமல் இருந்தவர் அவர். விழித்துப் பார்த்தபோது மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், ஒன்றுக்குப் போகவும் ஒரு குழாய். மூக்கில் பஞ்சு இல்லை என்பதை வைத்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். மல்லிகா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டு வந்து என் நெற்றியில் வைத்தாள். மீன் வாசம் எனக்குக் குமட்டுமாம். நான் அந்த வாசத்தைத்தான் தேடினேன், சொல்ல வாய் வரவில்லை. அவளோடு மீன் விற்கிற பெண்கள் அவள் கூடையையும் சேர்த்து விற்று சாயங்காலம் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யூனிட்டிலிருந்து பையன்கள் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். வந்தவர்கள் பழக்க தோஷத்தில் என் தலைமாட்டில் கைகட்டி வரிசையாக நின்றுவிட்டார்கள். மல்லிகா அவர்களை விரட்டினாள்.

வார்டுக்குத் திரும்பி வந்ததும் பாய் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"வலிக்குதா?"

"கொசு கட்ச்ச மாதிரி பாய்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. இருமினால் தையல் பிரிந்து குடல் மடியில் விழுந்துவிடும் போல இருக்கும். நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தார்.

"பெரிய கொசு" என்றார் பாய்.

வெட்டி எடுத்ததைச் சோதித்து முடிவு சொல்ல நாளாகும் என்றார்கள். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாய்க்கு நடுவில் காய்ச்சல் வந்து வார்டிலேயே இருந்தார். மஞ்சள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மனது இறங்கவில்லை.

முடிவு வாங்க மல்லிகாவோடு போன காலையில் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் தடவை.

"ஏழுமலை, இது கேன்சர் இல்லை. ஷ்வான்னோமான்னு பேரு. கரண்ட் வயர் மேல ரப்பர் உறை இருக்கும்ல, அது மாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை உண்டு. அந்த உறையோட செல்கள் தடிச்சு வர கட்டி இது. சாதுவான கட்டி. பரவாது. கணையத்துல இது வர்றது ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல நான் இப்பதான் பாக்கிறேன்."

"அப்போ இத்த முன்னாடியே கண்டுபுடிக்க முடியாதாமா? இவ்ளோ அறுத்துப்புட்டீங்களே" என்றாள் மல்லிகா. கோபமா அழுகையா என்று எனக்கே புரியவில்லை.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கஷ்டம்மா. ஸ்கேன்ல இது மத்த கட்டிங்க மாதிரியே தெரியும். நாளாக ஆக உள்ள நீர் கோத்துக்கிறதால இன்னும் குழப்பும். ஊசியில செல் போதுமான அளவு வந்தா சில சமயம் தெரியும், இவருக்கு வரல. எடுத்த கட்டியை மெல்லிசா சீவி, நரம்பு உறை செல்லுல மட்டும் நல்லாப் பிடிக்கிற ஒரு சாயத்தைப் போட்டுப் பார்த்தோம். முழுக்கப் பிடிச்சிருக்கு. அப்புறம்தான் உறுதியாச் சொல்ல முடிஞ்சது."

மல்லிகா டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஸ்வீட்டு வாங்கியாந்து வார்டு முச்சூடும் குடுக்கணும்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "மேல பாய் கீறாரு."

அவள் நின்றாள். சந்தோஷம் முகத்தைவிட்டு அப்படியே இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த உணர்ச்சி முதன்முதலாக வந்தது. இன்னும் போகவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்கு எதுவும் வராதபோது நம் இலையில் மட்டும் இரண்டாம் தரம் வைக்கிறார்களே, அப்போது தலையைக் குனிந்துகொள்வோம், அந்த மாதிரி. எனக்குச் சாதுக் கட்டி வர நான் என்ன செய்தேன்? குடித்தேன், பீடி பிடித்தேன், படுத்துக் கிடந்தேன். பாய் வெற்றிலைகூடப் போடாதவர்.

பாயைப் பார்க்காமல் போகலாம் என்றால் கால் மாடிப்படிக்குப் போய்விட்டது. மல்லிகா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்துச்சி பாய்."

"இன்னா கட்டி?"

ஷமீம் அக்கா கீழேயிருந்து என் முகத்தையே பார்த்தார். சாது என்று சொன்னால் பாய், உன்னுது வேற என்னுது வேற என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒன்னுதேதான் பாய்" என்றேன். "அதே கட்டி. எடுத்துட்டாங்க. தோ நடக்குறேன்ல."

பாய் என் மூஞ்சியை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் தலையில் வைத்தார். கை எலும்பாக இருந்தது. "பயப்படாத நைனா" என்றார். "அல்லா கீறான்." அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று மறுநாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.

நல்லது செய்துவிட்டேன் என்று ஒரு ராத்திரி நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் தாங்கியது. அடுத்த நாளே ஷமீம் அக்கா ஆளிடம் ஆட்டுக்கால் சூப் கொடுத்து அனுப்பினார். நோயாளிக்குத் தெம்பு வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவர்கள் பள்ளிவாசலில் பாயின் பெயரோடு என் பெயரையும் சொல்லி துவா கேட்டார்களாம். அதற்கப்புறம் ஒரு தலையணை வந்தது. கை அகலத்துக்குச் சின்னது, நீலப் பூப்போட்ட துணி, உள்ளே நல்ல இலவம்பஞ்சு. இருமும்போது தையல் மேல் அதை வைத்து அமுக்கிக்கொண்டால் வலிக்காது என்று நர்ஸ் பாயிடம் சொல்லியிருக்கிறார். உடனே கடைக்கு ஆளனுப்பி இரண்டு தைக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

மல்லிகா சூப்பைத் தொடவில்லை. எனக்கும் ஊற்றவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா கீறவனுக்கு துவா வாங்கியாந்துட்டியே" என்றாள்.

"அந்தாளு ஆபரேஷனுக்குப் போணும்ல."

"அது சர்தான். பொணமா நடிச்சா எழுந்து சிரிக்கிற. இத்த நடிச்சிக்கினு கீறியே, இதுக்கு எவன் ஒனுக்கு சிரிப்பு எடுக்கப் போறான்?"

நான் சூப்புப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

பாயை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று காலையிலேயே போய்விட்டேன். ஸ்ட்ரெச்சரில் அவர் கையை ஆட்டவில்லை. அண்ணன் ஆட்டினதால் இவர் ஆட்டவில்லை. தலையணையை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தார், கதவுக்கு முன்னால் நர்ஸ் அதை வாங்கி ஷமீம் அக்காவிடம் கொடுத்தார். அவருக்குச் செய்வது என்னுடையதைவிடப் பெரிய ஆபரேஷன். கணையத் தலை, பித்தப்பை, சிறுகுடலில் கொஞ்சம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப ஒட்டித் தைக்க வேண்டும். பகல் முழுக்க ஆகும்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளேயிருந்து யாராவது வந்து பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், பிறகு ஒரு குடும்பத்தைத் தவிர மற்றவர்கள் உட்காருவார்கள். நல்ல நாற்காலி ஒன்றை ஷமீம் அக்கா எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து முதலில் என் கையில் கொடுத்தார்.

"நீங்க சாப்புடுங்கக்கா."

"நீங்களும் ஒடம்பு முடியாதவங்கதானே தம்பி. சாப்புட்டு மாத்திரை போடுங்க."

டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். உள்ளே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவரை உள்ளே தள்ளியது நான். இந்த அம்மாவுக்கு அது தெரியாது, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் சோற்றைத்தான் போட்டுக்கொண்டேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் டாக்டரம்மா வந்தார். தொப்பியின் அச்சு நெற்றியில் பதிந்திருந்தது. நல்லபடியாக முடிந்தது, அடுத்த சில நாட்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். ஷமீம் அக்கா அங்கேயே தரையில் நெற்றியை வைத்து வணங்கினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பாய் வார்டுக்குத் திரும்பி, எழுந்து உட்காரத் தொடங்கியதும் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து, தலையணையை வயிற்றில் அமுக்கி, ஜாக்கிரதையாக இருமிக்கொண்டிருந்தார்.

"கொசு கட்ச்ச மாதிரின்னு சொன்னியே" என்றார். "டபாய்க்கிற."

"பாய், ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"எனுக்கு வந்தது..."

"சாதுக் கட்டி" என்றார் அவர்.

ஷமீம் அக்கா குனிந்துகொண்டு பால் ஆற்றினார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த நோய் வந்தவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு தெனம் கண்ணாடியில பாத்துக்கினு கீறேன். நீ வந்து நின்ன மூஞ்சி அது இல்ல. அப்பால இவதான் ஒன் ஊட்டம்மாகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கினா. அதுக்குள்ள நான் சரின்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா போன?"

பாய் தலையணையின் ஓரத் தையலை விரலால் நீவினார். "பொணமா படுத்துப் பொழைக்கிறவன், பொண்டாட்டி கீற ஆளு, தனக்குக் கேன்சர்னு வாயால சொல்லிக்கினு எதிர்ல நிக்கிறான். அதுவும் எவ்ளோ கேவலமா நடிச்ச தெரியுமா. பாவமா போச்சி. இவனுக்காவது போய்ட்டு வரலாம்னு போனேன்."

"தப்புதான் பாய். சூப்பு, துவா, தலகாணி எல்லாம் ஏமாத்தி வாங்கிட்டேன்."

"தலகாணிக்குப் பொய்யா சொன்ன? வவுத்துல தையல் போட்டது மெய்தான?" என்றவர் கையை நீட்டினார். "போனக் குடு. ஒன் ஊட்டம்மா இவகிட்ட அல்லாத்தயும் சொல்லிகீது. சீன் முடிஞ்சா கேமராவப் பாத்து சிரிக்கணும்மாமே. நில்லு அங்க. சிரி."

நான் ஜன்னல் பக்கம் நின்றேன். எத்தனையோ சீரியலில், எத்தனையோ சாவுக்கப்புறம், மூக்குப் பஞ்சை எடுத்த கையோடு சிரித்திருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை. உதட்டை இழுத்தேன், அது எங்கேயோ போனது. பாய் கண்ணாடி இல்லாமல் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கும், வலித்தால் தலையணையை அமுக்க வேண்டும், ஒரு கையில் தலையணை, ஒரு கையில் போன். "போதும், வந்துட்ச்சி" என்று திருப்பிக் கொடுத்தார்.

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது எடுத்துப் பார்த்தேன். போன் முன்பக்கக் கேமராவில் இருந்திருக்கிறது. நான் அதில் இல்லவே இல்லை. பாய்தான் இருந்தார். கன்னம் ஒட்டி, கண் சுருங்கி, வாய் முழுக்கத் திறந்து, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீலப் பூத் தலையணை.

இப்போது பாய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு தடவை ஏற்றினால் சில நாள் சோறு இறங்காது, பிறகு கடைக்கு வந்து பஞ்சைக் குறை சொல்வார். மருந்து ஏற்றுகிற நாட்களில் நான்தான் கூடப் போகிறேன். அங்கே காத்திருக்கிறவர்கள் சட்டை விலகும்போது என் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு "உங்களுக்கும் அதுவா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறேன். அவர்கள் கோபப்படுவதில்லை. நல்லாயிருங்க என்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாய் அந்தப் படம் எடுத்த அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"சிரிச்சியா?"

நான் போனை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாய் சிரிச்சிகீறாரு" என்றாள். போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டை எடுத்தாள். "சரி. கைய கழுவிக்கினு வா."